அப்பா வீட்டு டிவியும் எங்கள் வீட்டு டிவியும்

2025 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, எங்கள் டிவியில் பேச்சு கேட்டது, படம் வரவில்லை. ஒலியைக் கூட்டினால் கூடியது, சேனலை மாற்றினால் மாறியது. திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. மறுநாள் வந்த மெக்கானிக் கூடத்து விளக்கை அணைக்கச் சொன்னார். தன் கைபேசியின் டார்ச்சைத் திரைக்கு வெகு அருகில் சாய்த்துப் பிடித்தார். வட்டமாக விழுந்த அந்த வெளிச்சத்துக்குள் ஒரு செய்தி வாசிப்பாளரின் நெற்றியும் மூக்குக் கண்ணாடியும் மங்கலாகத் தெரிந்தன. டார்ச்சை நகர்த்த நகர்த்த முகத்தின் மிச்சமும் வந்தது. "படம் இருக்கிறது அம்மா. பின்னால் விளக்குதான் போய்விட்டது" என்றார்.

நான்கு வருடம்கூட நிறையாத டிவி அது. 2021 தீபாவளியின்போது 30,000 ரூபாய்க்கு வாங்கிய 50 அங்குல 4கே டிவி. அதே வாரம் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் அப்பாவுக்கும் ஒன்று வாங்கினோம். அது 55 அங்குல ஓஎல்இடி, பின்விளக்கு இல்லாமல் திரையே ஒளிரும் வகை. விலை 1,28,000 ரூபாய். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு அப்போது 28 சதவீதம் ஜிஎஸ்டி என்பதால் அதில் 28,000 ரூபாய் வரிக்கே போனது. எங்களுக்கு மலிவானது, அப்பாவுக்கு உயர்ந்தது என்று நானும் என் கணவரும் சேர்ந்து எடுத்த முடிவு. அதில் அன்பு இருந்தது. ஆனால் இரண்டு டிவிகளும் தவறான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அதை உணர்வதற்குள் ஒரு திரையில் தழும்பு விழுந்துவிட்டது, இன்னொன்றின் விளக்கு அணைந்துவிட்டது.

அப்பா ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். அந்த ஆண்டுதான் அவருக்கு இரண்டு கண்களிலும் புரை நீக்கும் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. "நிறமெல்லாம் கழுவிவிட்டது போலத் தெரிகிறது" என்று அவர் தொலைபேசியில் சொன்ன சந்தோஷத்தில், இருப்பதிலேயே நல்ல திரையை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சென்னை ஷோரூமில் அந்த ஓஎல்இடியில் மயில் தோகை விரித்துக்கொண்டிருந்தது, மாதுளை பிளந்துகொண்டிருந்தது. இதைப் பார்த்தால் அப்பா எவ்வளவு மகிழ்வார் என்று மட்டுமே யோசித்தேன். அவர் ஒருநாளும் மயிலையும் மாதுளையையும் டிவியில் பார்ப்பவர் அல்லர் என்பதை யோசிக்கவில்லை. காலை ஆறு மணிக்குச் செய்திச் சேனலைப் போட்டால் இரவு பத்து வரை, சாப்பாட்டுக்கும் மதியத் தூக்கத்துக்கும் போக, அதுவே ஓடும். அம்மாவுக்கு மாலையில் இரண்டு தொடர்கள். எல்லாம் கேபிள் வழியாகத்தான்.

டிவி மாட்டிய முதல் வாரமே அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பழைய டிவியில் முகம் இன்னும் தெளிவாக இருந்தது போல் இருக்கிறது அம்மா. என் கண்ணாகத்தான் இருக்கும்." அவர் கண்ணில் குறை இல்லை. சாதாரணக் கேபிள் சேனலின் படம் 720க்கு 576 புள்ளிகள் கொண்டது. 4கே திரையில் 3840க்கு 2160 புள்ளிகள். பெருக்கிப் பார்த்தால் சரியாக இருபது மடங்கு வரும். கேபிளில் ஒரு புள்ளி வந்தால் மீதிப் பத்தொன்பதை டிவியே ஊகித்து நிரப்ப வேண்டும். ஒரு படி மாவை வைத்துக்கொண்டு இருபது வீட்டுக்குப் பணியாரம் சுடுவது போன்ற வேலை அது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டிவியாக இருந்தாலும் அந்த மாவில்தான் சுட்டாக வேண்டும். அவருடைய பழைய 32 அங்குல டிவியில் 1366க்கு 768 புள்ளிகள்தான். அதற்கு இரண்டரை மடங்கு நிரப்பினால் போதும். திரையும் சிறியது, குறை கண்ணில் படாது. புதியதில் செய்தி வாசிப்பவரின் கன்னம் சாயம் பூசிய சுவர் போலத் திட்டுத்திட்டாக இருந்தது.

அடுத்தது வெளிச்சம். எங்கள் ஊர் வீட்டில் வாசல் கதவு காலையில் திறந்தால் விளக்கு வைக்கும் நேரம் வரை மூடப்படாது. திண்ணை தாண்டி வெயில் நேராகக் கூடத்துக்குள் வரும். டிவி இருப்பதோ வாசலுக்கு எதிர்ச்சுவரில். ஓஎல்இடியின் கறுப்பு மிக ஆழமானது. இருட்டறையில் அதைப் பார்த்தவர்களுக்கு வேறு திரை பிடிக்காது. ஆனால் பகல் வெயிலில் அந்தப் பளபளப்பான திரை கண்ணாடி போலாகிவிட்டது. தெருவில் சைக்கிள் போனால் செய்திக்கு நடுவே சைக்கிள் போனது. அம்மா ஒரு பழைய புடவையை வாசலில் திரையாகக் கட்டினார். எனக்கு அதைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. பரிசாகக் கொடுத்த பொருளுக்காக வீட்டுக்குக் காற்று வரும் வழியை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

தழும்பை நான் முதலில் பார்த்தது 2024 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது. ஏதோ நிகழ்ச்சியில் திரை முழுக்கப் பச்சை வயலைக் காட்டினார்கள். வயலின் கீழ்ப்பகுதியில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, இடமிருந்து வலம் வரை, மற்ற இடத்தைவிட மங்கலாக ஓடியது. மேல் மூலையில் கலைந்த கோலம் போல ஒரு சதுரமும் சில எழுத்துகளும். முதலில் தூசி என்று நினைத்து முந்தானையால் துடைத்தேன். போகவில்லை. பிறகுதான் புரிந்தது: அந்தப் பட்டை செய்திச் சேனலின் அடியில் ஓடும் சிவப்புப் பட்டை. அந்தச் சதுரம் சேனலின் சின்னம். சேனல் மாறிய பிறகும் இரண்டும் திரையில் தங்கிவிட்டிருந்தன.

திருநெல்வேலியிலிருந்து வந்த சர்வீஸ் ஆள் பொறுமையாக விளக்கினார். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் சின்ன விளக்கு. ஒரே இடத்தில் ஒரே நிறம் நாளெல்லாம் எரிந்தால் அந்த இடத்து விளக்குகள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தேயும். அப்பா ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் பார்க்கிறார் என்றால் இரண்டு ஆண்டுகளில் ஏழாயிரம் மணி நேரத்துக்கு மேல், அதே பட்டை, அதே இடத்தில். வாரண்டியில் இது சேராது என்றும் சொன்னார். கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டார்: "இரவில் சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைத்துவிடுவீர்களா ஐயா?"

"தினமும் அணைப்பேன்" என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. வாழ்நாள் முழுவதும், அலுவலகத்திலும் வீட்டிலும், கடைசியாக எழுந்து எல்லாச் சுவிட்சையும் பார்த்துவிட்டுப் போகிறவர் அவர்.

இந்த வகை டிவி, ரிமோட்டில் அணைத்த பிறகு, நாம் பார்த்த நேரத்தைக் கணக்கிட்டுத் தானாகவே சில நிமிடங்கள் தன் புள்ளிகளை அளந்து சரிசெய்துகொள்ளும். மொத்தம் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தால் அணைத்ததும் இந்த வேலை தொடங்கும். அதற்கு மின்சாரம் வேண்டும். சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டால் அந்தச் சீரமைப்பு நடக்காது. இரண்டு வருடமாக அப்பா வீட்டில் அது அநேகமாக ஒருநாளும் நடந்திருக்காது. வாங்கும்போது கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை. கையேட்டில் இருந்ததைப் பிறகு தேடிப் படித்தேன்.

"அப்படியானால் என்னால்தான் கெட்டதா?" என்று அப்பா கேட்டார். இல்லை என்று நான் பலமுறை சொல்லியும் அவருக்கு மனம் ஆறவில்லை. அதன்பின் சில மாதங்கள் செய்தி பார்ப்பதையே பாதியாகக் குறைத்துக்கொண்டார் என்று அம்மா சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. எழுபத்திரண்டு வயதுக்காரர் தன் வீட்டுப் பொருளுக்குப் பயந்து வாழும்படி செய்துவிட்டோம். அண்மையில் வரும் ஓஎல்இடிகளில் சின்னங்களைத் தானே மங்கலாக்கும் வசதி, படத்தைச் சில புள்ளிகள் நகர்த்தும் வசதி எல்லாம் இருக்கின்றன, தேய்மானமும் குறைந்திருக்கிறது. ஆனாலும் நாள் முழுக்க ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கு நான் அதை இனி வாங்க மாட்டேன்.

இனி எங்கள் வீட்டுக் கதை. சென்னையில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். டிவி ஓடுவது இரவு ஒன்பதுக்கு மேல், விளக்கை அணைத்துவிட்டு, பெரும்பாலும் படங்களும் வெப் தொடர்களும். அவை இணையம் வழியாக 4கே தரத்திலேயே வருகின்றன. அதாவது உயர்ந்த திரை தேவைப்பட்ட வீடு எங்களுடையதுதான். நாங்கள் வாங்கிய மலிவு டிவியில் இரவுக் காட்சி வந்தால் கறுப்பு என்பது சாம்பல் நிறமாக இருந்தது; திரையின் நான்கு மூலைகளிலும் அடுப்பு அணைந்த பிறகு மிஞ்சும் தணல் போல ஒரு வெளிச்சம் கசிந்தது. பெட்டியின் மேல் எச்டிஆர் என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள்; வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் படவகை அது. அந்த வகைப் படங்கள் 1000 நிட்ஸ் அல்லது அதற்கும் மேலான பிரகாசத்தை மனத்தில் வைத்துத் தயாராகின்றன. மலிவு டிவிகள் பெரும்பாலும் 300 நிட்ஸ் அளவிலேயே நின்றுவிடும். அவை அந்தப் படத்தை வாங்கிக்கொள்ளும், ஆனால் காட்ட முடியாது. எங்கள் டிவியில் எச்டிஆர் படம் போட்டால் சாதாரணப் படத்தைவிட இருட்டாக வந்தது. இருளில் யார் யாரை வெட்டினார்கள் என்று தெரியாமலே ஒரு முழுத் தொடரைப் பார்த்து முடித்திருக்கிறோம்.

செயலிகள் திறக்க எடுத்துக்கொண்ட நேரம் தனி. ஒரு ஜிபி நினைவகம். இரண்டாம் ஆண்டிலேயே ரிமோட்டை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்குப் புது டிவி தேவையில்லை. ஐந்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை எச்டிஎம்ஐ துளையில் செருகியதும் தீர்ந்தது. பெயர் தெரியாத மிக மலிவான ஸ்மார்ட் டிவிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சிலவற்றில் கைபேசிக்கான ஆண்ட்ராய்டையே ஏற்றி விற்கிறார்கள். அவற்றுக்கு ஸ்ட்ரீமிங் நிறுவனங்களின் அனுமதி இருக்காது. திரை 4கே என்றாலும் படம் பழைய கேபிள் தரத்தில்தான் வரும், சில செயலிகள் வரவே வராது. கடையிலேயே நாம் பணம் கட்டும் செயலியைத் திறந்து ஒரு படத்தை ஓடவிட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

டார்ச் பிடித்த மெக்கானிக் எங்கள் டிவியைக் கூடத்துத் தரையில் மெத்தை விரித்து, குப்புறப் படுக்கவைத்துப் பிரித்தார். உள்ளே பல்புகள் வரிசையாகப் பதித்த பட்டைகள். தொடராக இணைத்திருப்பதால் ஒன்று போனால் வரிசையே அணையும். போன பல்பைச் சுற்றித் தகடு பழுப்பேறியிருந்தது. "பின்விளக்கை நூறிலேயே வைத்திருக்கிறீர்கள். கடையிலிருந்து அப்படித்தான் வரும். அறுபதில் வையுங்கள், சூடு குறையும்" என்றார். பட்டைகள் மாற்றக் கூலியோடு 2,400 ரூபாய் ஆனது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தேவையில்லாத பிரகாசத்தில் எரித்திருக்கிறோம். வாங்கிய அன்றே அமைப்புகளில் போய்ப் பின்விளக்கைக் குறைப்பது மலிவு டிவி வைத்திருக்கும் எல்லோரும் செய்ய வேண்டிய காரியம். கூடவே படத்தை 'விவிட்' என்பதிலிருந்து 'சினிமா' வகைக்கு மாற்றிவிடுங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும். கண் பழகியபின் பழையதற்குத் திரும்பினால் முகங்கள் நீலம் பூத்ததுபோல் இருக்கும்.

பின்விளக்கு மாற்றிய அந்த வாரம்தான் என் கணவர், "உங்கள் அப்பா டிவியை இங்கே கொண்டுவந்துவிடலாமே" என்றார். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்குவதாக நினைத்துவிடுவாரோ என்று பல வாரங்கள் தள்ளிப்போட்டேன். கடைசியில் உள்ளதை உள்ளபடி சொன்னேன்: எங்களுக்கு அது வேண்டும், உங்களுக்கு வேறு வேண்டும், இரண்டையும் நான்தான் மாற்றிக் கொடுத்துவிட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "பெட்டி பரணில் பத்திரமாக இருக்கிறது அம்மா, தெர்மாகோல்கூட இருக்கிறது" என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை என்னால் மறக்க முடியாது. பெரிய டிவிப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 55 அங்குலத் திரையை அதன் சொந்தப் பெட்டி இல்லாமல் ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது ஆபத்து. படுக்கவைத்தும் ஏற்றக் கூடாது.

அப்பாவுக்குப் புது டிவி தேடியது 2025 அக்டோபரில். செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருந்தது. இந்த முறை சென்னையில் வாங்கவில்லை, திருநெல்வேலியில் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் வாங்கினோம். சர்வீஸ் ஆள் எங்கிருந்து வருவாரோ அந்த ஊரில் வாங்குவது பாதி வாரண்டி. கடையில் மயில் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, கேபிள் இணைப்பில் அப்பா பார்க்கும் அதே செய்திச் சேனலைப் போடச் சொன்னேன். விற்பவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் போட்டார். வரிசையாக நின்ற எட்டு டிவிகளில் எது நல்லது என்பது அப்பாவுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. விலை கூடியவற்றில் இரண்டை அவரே வேண்டாம் என்று தள்ளினார்.

அம்மாவை இடது ஓரத்தில் நிற்கச் சொன்னேன். வீட்டில் அவர் தொடர் பார்ப்பது அடுக்களை வாசலில் நின்றுகொண்டுதான். பின்விளக்கு உள்ள டிவிகளின் திரையில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை உண்டு. விஏ வகையில் நேரே பார்த்தால் கறுப்பு நன்றாக இருக்கும், பக்கவாட்டில் நிறம் வெளுத்துவிடும். ஐபிஎஸ் வகையில் கறுப்பு அவ்வளவு ஆழமில்லை, ஆனால் ஓரத்திலிருந்தும் நிறம் அதிகம் மாறாது. பகல் வெளிச்சம் நிறைந்த கூடத்தில் கறுப்பின் ஆழம் எப்படியும் தெரியப்போவதில்லை என்பதால் அவர்களுக்கு ஐபிஎஸ்தான் சரி. கியூஎல்இடி என்ற பெயரைப் பார்த்து அப்பா திடுக்கிட்டு, "அதுவும் தழும்பு விழும் வகையா?" என்றார். ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் அது வேறு: பின்விளக்கு உள்ள சாதாரண எல்சிடி திரையில் நிறத்தைக் கூட்ட ஒரு மெல்லிய படலம் சேர்த்தது. தழும்பு பயம் அதில் இல்லை.

முடிவாக 43 அங்குலத்தில், 4கே இல்லாத முழு எச்டி டிவியை எடுத்தோம். 23,000 ரூபாய். 4கே அல்லாததை ஏன் என்று கடைக்காரரே கேட்டார். 1920க்கு 1080 என்பது சாதாரணக் கேபிள் படத்தைப் போல் ஐந்து மடங்குதான், இருபது இல்லை. எச்டி சேனலாக இருந்தால் புள்ளிக்குப் புள்ளி பொருந்திவிடும். அதனால் செட்டாப் பாக்ஸையும் எச்டிக்கு மாற்றினோம். அப்பா பார்க்கும் சேனல்கள் சில எச்டியில் வருகின்றன, சில வருவதில்லை. வருபவற்றில் முகங்கள் முகங்களாக இருக்கின்றன. மிச்சமான பணத்தில் 6,000 ரூபாய்க்கு ஒரு சவுண்ட் பார் வாங்கி, டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் ஏஆர்சி என்ற எச்டிஎம்ஐ துளையில் இணைத்தோம். மெல்லிய டிவிகளின் ஒலிபெருக்கி தரையைப் பார்த்துப் பேசும். வயதானவர்களுக்கு இசை கேட்கும், பேச்சு கேட்காது. அப்பா படத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. "வாசிப்பது ஒவ்வொரு வார்த்தையும் விளங்குகிறது" என்பதைத்தான் மூன்று நாள் சொன்னார். முதலிலேயே அவருக்குத் தேவைப்பட்டது அதுதான் போலிருக்கிறது. நான் கண்ணை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி, கார்த்திகை இடி மழைக்கு ஊரில் பிளக்கைப் பிடுங்குகிறார்கள். கேபிள் வயரை விட்டுவிடுகிறார்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும். இரண்டையும் கழற்றச் சொல்லி அம்மாவிடம் பழக்கியிருக்கிறேன்.

ஓஎல்இடி இப்போது எங்கள் கூடத்தில். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் போட்டால், இருட்டு இருட்டாக இருக்கிறது, அதற்குள் ஒரு தீக்குச்சி எரிந்தால் அதன் வெளிச்சம் முகத்தில் படுகிறது. பச்சை வயலோ வெறும் வானமோ வந்தால் கீழே அந்தப் பட்டை தெரியும். எங்களுக்குப் பழகிவிட்டது. சுவர் சுவிட்சை அணைப்பதில்லை. ஒரு சின்னக் காகிதத்தில் எழுதி அதன்மேல் ஒட்டியிருக்கிறேன். உயர்விலை டிவிக்குப் பணம் சேர்க்கலாமா என்று தோழிகள் கேட்டால், இரவில் இருட்டில் பார்ப்பீர்களா, 4கே படங்கள்தான் பார்ப்பீர்களா, திரையிலிருந்து ஆறேழு அடிக்குள் உட்காருவீர்களா என்று மூன்று கேள்வி கேட்கிறேன். மூன்றுக்கும் ஆம் என்றால் தயங்காமல் வாங்கச் சொல்கிறேன். ஒன்றுக்காவது இல்லை என்றால், பாதி விலையில் ஒன்றை வாங்கி மீதியை ஒலிக்குச் செலவிடுங்கள் என்கிறேன்.

டிசம்பரில் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்கினார். முதல் நாள் இரவு எல்லோரும் படுக்கப் போன பிறகு அவர் மட்டும் கூடத்தில் நின்றிருந்தார். வழக்கம்போல மின்விசிறி, விளக்கு என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தவர், டிவி சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோய்க் காகிதத்தைப் படித்துவிட்டு எடுத்துக்கொண்டார். "இது அணைக்கக் கூடாததுதானே?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். திரையின் அடியில் எரிந்த சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு, அது தன் வேலையை முடிக்கும் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.